எண்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு

"அந்த ஆள் வரிசையிலயே இல்லை! வண்டியில உட்கார்ந்திருந்தாரு. பத்து மணிக்குக் கதவை மூடியாச்சுன்னா மூடியாச்சுதான்!" வெண்டல் மேசையை ஓங்கித் தட்டினார்.

"வரிசையிலதான் நின்னாரு, வெண்டல். இடுப்புல ஆபரேஷன் ஆன மனுஷன். இந்தக் குளிர்ல கால் மணி நேரம் நின்னு பார்த்தாரு, முடியலை. பக்கத்துல சொல்லிட்டுப் போய் வண்டியில உட்கார்ந்தாரு," என்றாள் லோரெட்டா.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டரங்கம். காலையில் தொடங்கிய கட்சிக் கூட்டம் மதியம் இரண்டு மணியாகியும் முடியவில்லை. அதிபர் தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று சொல்ல, மாவட்டம் முழுவதிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். இடப்பக்கம் செனட்டர் கார்விக்கின் ஆட்கள். அவர்களுக்குத் தலை எண்ணுகிறவள் லோரெட்டா. வலப்பக்கம் கவர்னர் லோமனின் ஆட்கள். அவர்களுக்கு வெண்டல்.

முதல் முறை எண்ணியபோது செனட்டருக்கு ஒருவர் அதிகம். கழிப்பறைக்குப் போன தன் ஆளை விட்டுவிட்டார்கள் என்று வெண்டல் குதித்தார். மறுபடி எண்ணினார்கள். எண்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. மூன்றாவது முறையும் அதேதான்.

மாநில மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்ப இன்னும் ஓர் இடம் பாக்கி. அதிகத் தலை உள்ள பக்கத்துக்கே அது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் காசு சுண்டிப் போட வேண்டும் என்பது விதி. பத்து மணிக்கு வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டுமே உள்ளே இடம் என்பது இன்னொரு விதி. வெளியே நடைவழியில் காத்திருக்கும் எமில் கூபட் என்ற பன்றிப் பண்ணைக்காரரை உள்ளே விட்டால், அந்த ஒரே தலையில் எல்லாம் முடிந்துவிடும்.

"எந்தப் பக்கம்னு அவரையே கேட்டுடலாமே?" என்றது ஒரு குரல்.

"அவர் உள்ளே வரலாமா கூடாதா, அதுதான் இப்பப் பேச்சு," என்று அதட்டினார் கூட்டத் தலைவி இங்க்ரிட். "யாருக்கு ஓட்டுன்னு எவராவது அவர்கிட்ட போய்க் கேட்டா, வெளியே அனுப்பிடுவேன்."

"கேட்கவே வேணாம் மேடம். இவ துடிக்கிற துடிப்பைப் பார்த்தாலே தெரியுதே!" என்றார் வெண்டல். வலப்பக்கம் முழுக்கச் சிரித்தது.

லோரெட்டாவின் முகம் சிவந்தது. அவளோடு வேலை செய்யும் டிரிஷ் அவள் கையைப் பிடித்தாள். "விட்டுடாதே. நாலு மாசமா பனியில வீடு வீடா ஏறி இறங்கியிருக்கோம். அவர் நம்ம ஆளுதானே?"

"பத்து அடிக்கிறப்ப அவர் இங்க வாசல்ல, வண்டியிலதான் இருந்தாரு, டிரிஷ். நான் கண்ணால பார்த்தேன்."

அவள் அரங்கத்தின் நடுவே வந்து நின்றாள். "காலையில அவருக்கு முன்னால நின்னவங்க யாரு? தயவுசெஞ்சு சொல்லுங்க."

வலப்பக்கத்திலிருந்தே ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தார். "என்கிட்டதான் இடம் பார்த்துக்கச் சொன்னாரு."

"மிசஸ் டோட்! நீங்க எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா?" என்று சீறினார் வெண்டல்.

"மறக்கலை. அதுக்காக அவர் சொன்னதைச் சொல்லலைன்னு சொல்ல முடியுமா?"

யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் தகுதிக் குழுவில் மூன்று பேர். ஒருவர் 'வேண்டாம்' என்றார். ஒருவர் 'விடலாம்' என்றார். மூன்றாவது இங்க்ரிட். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"உள்ளே விடுங்க."

இடப்பக்கம் ஆர்ப்பரித்தது. யாரோ லோரெட்டாவைக் கட்டிக்கொண்டார்கள். வெண்டல் தொப்பியைத் தரையில் வீசினார். "பட்டப்பகல் கொள்ளை! இதை நான் சும்மா விடமாட்டேன்!"

எமில் கைத்தடியை ஊன்றி மெல்ல உள்ளே வந்தார். டிரிஷ் ஓடிப்போய் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. லோரெட்டாவின் எதிரில் வந்து நின்றார்.

"எனக்காகவா இத்தனை நேரம் சண்டை போட்டே? போன செவ்வாய்க்கிழமை நீ போன்ல கேட்டப்பவே சொல்லிட்டேனேம்மா, என் ஓட்டு கவர்னருக்குத்தான்னு!" என்றவர், வெண்டல் நின்ற பக்கம் மெல்ல நடந்தார்.