இருபத்தாறு குற்றவாளிகள்

பில்சுன் அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே குற்றவாளி யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு கன்னங்களிலும் சிவப்புத் தடிப்பு. தாடையில் பொடிப்பொடியாகக் கொப்புளம். பெண்கள் பொதுக் குளியலகத்தின் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்திருந்தவர், நான் வருவதைக் கண்டதும் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"துண்டை எடுங்கக்கா. நான் பார்த்துட்டேன்."

"ஒண்ணுமில்ல. சூடு."

சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். இன்று புதன். மாப்பிள்ளையின் அம்மாவோடு மேடையேறி மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். இருநூறு பேர் அந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"அன்னைக்குக் கட்டிக்கிற ஹன்போக் என்ன கலர்?" என்று கேட்டாள் முதுகு தேய்க்கும் மால்ஜா. கை மட்டும் யாருடைய முதுகிலோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பொண்ணோட அம்மான்னா ரோஸ்தானே."

"அப்ப என்ன கவலை? முகமும் துணியும் ஒரே கலர்."

தொட்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தார். வலித்திருக்க வேண்டும், உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. விசாரணை நடத்துகிறவர்கள் சிரிப்பதில்லை.

"முகத்துல என்ன போட்டீங்க?"

அக்கா ஒரு கணம் மால்ஜாவைப் பார்த்தார். "உன் கிரீம் தீர்ந்துபோச்சு. அதான் கடையில ஒரு லோஷன்..."

அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் குளியலகத்தில் அழகுப் பொருட்களின் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நகராட்சி மையத்தில் ஆறு வார வகுப்பு. ஒரு வாரம் மழை என்று போகவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாசிபத்திரிச் சாறும் பச்சைத் தேயிலை நீரும் எண்ணெயும் சேர்த்து, வீட்டு அடுப்பிலேயே கிரீம் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்துவந்தேன். கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து அதில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அதில்தான் எனக்குப் பெருமை.

குளித்து மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும் என்பது என் சட்டம். அதனால் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், இங்கேயே அவரவர் குளியல் கூடையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஆவி படிந்து ஈரம் காயாத அலமாரி. அதில் ஒன்பது கூடைகள்.

"நல்லவேளை, புது டப்பா கொண்டுவந்திருக்கேன். வாங்க, இப்பவே பூசிவிடறேன்."

அக்கா தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார். "டாக்டர் எதுவுமே போடக் கூடாதுன்னுட்டார். சனிக்கிழமைக்குள்ள அடங்கிடுமாம்."

"டாக்டர் பாட்டிலைப் படிச்சாரா?"

"படிக்கல."

"நான் படிக்கிறேன்."

அக்காவின் கூடையிலிருந்து லோஷன் பாட்டிலை எடுத்தேன். மூக்குக் கண்ணாடி ஆவியில் மங்கியது. துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றேன். உடம்பில் இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

"எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதுவாங்க. இதுல முதல்ல என்ன? தண்ணி! வெறும் தண்ணிக்கா காசு குடுத்தீங்க?"

"உன் கிரீம்ல தண்ணி இல்லியா, ஹேவோன் அம்மா?" என்றாள் மால்ஜா.

"அது தேயிலைத் தண்ணி."

"ஓ."

"அடுத்தது கிளிசரின். போகட்டும், விட்டுடலாம். அதுக்கப்புறம் பாருங்க, ஒரு பேராவது வாயில நுழையுதா? ஃபீனாக்ஸி எத்தனால்... இதான்! இதேதான்! லோஷன் கெடாம இருக்கப் போடற சமாச்சாரம். லோஷன் கெடாது, முகம் கெட்டுப்போகும்."

"ஐயோ," என்று யாரோ மரியாதைக்குச் சொன்னார்கள்.

இருபத்தாறு பெயர்களையும் படித்தேன். ஒவ்வொன்றையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. மால்ஜா மட்டும் இரண்டு தடவை இருமினாள்.

"கடைசியா வாசனைன்னு போட்டிருக்கான். என்ன வாசனைன்னு சொல்ல மாட்டான். மோந்து பாருங்க, உங்களுக்கே புரியும்."

மூடியைத் திருகினேன்.

"அது வேண்டாம், மூடு," என்றார் அக்கா.

மூடி கையோடு வந்துவிட்டது. பாட்டிலின் வாயில் வெள்ளிக் காகிதம். ஓரம்கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது.

"இதைத் திறக்கவே இல்லியேக்கா."

மால்ஜாவின் கை நின்றது.

"நேத்துதான் வாங்கினேன்," என்றார் அக்கா.

"முகம் இப்படி ஆகி எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்."

நான் விளிம்பிலிருந்து இறங்கினேன். அலமாரிக்குப் போய் ஒவ்வொரு கூடையாகப் பார்த்தேன். ஒன்பதில் ஒன்றில்கூட என் டப்பா இல்லை.

"எல்லாருக்குமா தீர்ந்துபோச்சு?"

"பச்சையாப் பூசணம் பூத்துப்போச்சு," என்றாள் மால்ஜா. "நான்தான் மொத்தமா வாரிக் குப்பையில..."

"சும்மா இருடி," என்று அவளை அடக்கினார் அக்கா.

கண்ணாடி மறுபடி மங்கியது. நான் துடைக்கவில்லை.

"அப்ப இந்த லோஷனை எதுக்குக்கா வாங்கினீங்க?"

"வேலை போனப்புறம் அஞ்சு மாசம் நீ வீட்டை விட்டு வெளியிலேயே வரல. அந்த டப்பாக்களைத் தூக்கிக்கிட்டுத்தான் மறுபடி இங்க வந்தே. என் மூஞ்சியைப் பார்த்தா எதனாலன்னு கேக்காம விடுவியா நீ? பழி போடறதுக்கு ஏதாவது ஒண்ணு கையில வேணும்ல?"