தடித்த குழாயும் பாதி மீசையும்

பிளேடு இறங்கியது. பாதி மீசை சோப்பு நுரையோடு துண்டில் வந்து விழுந்தது. கோதமங்கலம் சலூன்காரர் சுகுணன் தலையைச் சாய்த்து அழகு பார்த்தார்.

நாற்காலியில் இருந்தவன் ஸ்கரியா. பக்கத்தில் நின்று தன் முழு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவன் அவன் தங்கை புருஷன் எல்தோ.

"என்ன சொன்னீங்க மச்சான்? தடிச்ச சைலன்சர் போட்ட என் ஜீப் குருசுமேட்டு ஏத்தத்துல உங்களை முந்திட்டா பாதி மீசையை எடுக்கறேன்னு சொன்னீங்களா இல்லையா? சுகுணன் சேட்டன்தான் சாட்சி."

"முந்தாட்டி நீ எடுக்கணும்னும் சொன்னேன். தப்பிச்சே."

தனக்கு வாய் நீளம் என்பது எல்தோவுக்கே தெரியும். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொன்னவன் அவன். தலைமுடி போய் ஆறு வருஷமாயிற்று. முகத்தில் மிஞ்சியது மீசை ஒன்றுதான். அதைப் பந்தயம் வைத்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் ஷிண்டோ வேறு பயமுறுத்தியிருந்தான். "சைலன்சர் குழாய் ரொம்ப அகலமானா புகை சோம்பேறியாயிடும்டா. அது விசையா வெளியே போனாத்தான் பின்னாடி வர்ற புகையையும் இழுத்துட்டுப் போகும். இல்லேன்னா மேட்டுல வண்டி திணறும்."

"போடா. மூக்கு பெரிசா இருந்தாத்தான் மூச்சு நல்லா விட முடியும்" என்று எல்தோ தன் மூக்கையே தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினான். ஷிண்டோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

புது சைலன்சர் மாட்டி முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது, பழைய இரும்புக்குப் போடலாமே என்று எல்தோ பழைய குழாயைக் கேட்டான். "அது ஜீப்லயேதான் இருக்கு" என்றான் ஷிண்டோ. சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடியும் காணோம். விற்றுத் தின்றிருப்பான், போகட்டும் என்று எல்தோ பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டான்.

இன்று காலை குருசுமேட்டில் இரண்டு வண்டி நீளம் முந்தி ஏறியவன்தான். அதிலிருந்து வாய் மூடவில்லை.

ஸ்கரியாவுக்கே பொறுக்கவில்லை. "சரி மாப்ளே, ஒத்துக்கறேன். எனக்கும் அதையே போட்டுக்கறேன்." கையெல்லாம் நுரை. போனை ஸ்பீக்கரில் போட்டான். "ஷிண்டோ, எல்தோ ஜீப்புல மாட்டினியே, அதே சைலன்சர் எனக்கும் வேணும்."

"அந்தக் கோமாளித்தனம் உங்களுக்கு எதுக்கு அச்சாயா? வெளியே தெரியறது வெறும் கூடு. உள்ளே பழைய குழாய் அப்படியே இருக்கு. என்ஜினை நல்லா டியூன் பண்ணிவிட்டேன், அவ்வளவுதான். நிஜமாவே தடிச்சதைப் போட்டிருந்தா பாதி மேட்டுல நின்னிருப்பான். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. மீசை மேல உயிரையே வெச்சிருக்கான், பாவம்."

எல்தோவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. ஜீப்புக்குப் போட்ட சைலன்சரை வாய்க்குப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

சுகுணன் பக்கத்து நாற்காலியைத் தட்டித் துடைத்தார்.

"எல்தோ, அதே பிளேடு போதுமா, புதுசு போடட்டுமா?"