தடமில்லாத சரிவு

மலைக்குடிலின் சுவரில் ஒவ்வொரு பனிச்சறுக்குக் குழுவும் தான் சறுக்கி இறங்கிய சரிவின் படத்தை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். எல்லாப் படங்களிலும் வெண்பனியின் மேல் தடங்கள் வளைந்து வளைந்து இறங்கும். மங்கை மாட்டிய படத்தில் ஒரு தடம்கூட இல்லை.

அன்று காலை அவள் குழுவினர் நால்வரும் உச்சியில் நின்றார்கள். பல குளிர்காலங்களாக அவள் கண்வைத்திருந்த சரிவு அது. புதுப்பனி பஞ்சாகக் கிடந்தது. அடியிலுள்ள பழைய பனியோடு அது ஒட்டியிருக்காவிட்டால், ஓர் ஆள் பாரத்துக்கே சரிவு மொத்தமும் பெயர்ந்து வந்துவிடும். அதனால் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்று பேர் சரி என்றார்கள். எதற்கும் பின்வாங்கி அறியாத அவள் கணவன் கதிரேசன் மட்டும், "வேண்டாம் மங்கை" என்றான்.

தொண்டைவரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு முதலில் திரும்பியவள் அவள்தான். வந்த வழியே இறங்கினார்கள்.

குடிலில் தங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்தார். "அப்புறம் அந்தப் பனி சரிஞ்சுதுங்களா?"

"இல்லைங்க. அப்படியேதான் நிக்குது."

"பின்ன இதுல மாட்டி வைக்க என்னங்க இருக்கு?"

மங்கை கோணலாய்த் தொங்கிய படத்தை நேராக்கினாள்.

"கீழ நின்னு இதை எடுக்கறப்ப நாங்க நாலு பேரும் இருந்தோம்ங்க."