ஞாயிற்றுக்கிழமைத் தும்மல்

“கையை ஆட்டாதீங்க சார். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்றாள் நர்ஸ்.

பழைய புத்தகக் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்திக்கொண்டே போனாள் அவள். தூசி, பூனை முடி, மகரந்தம், பூஞ்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு.

“எது ஒத்துக்கலையோ அந்த இடம் தடிக்கும். கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும்.”

ஊசிக்கு அவர் பயப்படவில்லை. தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தார். கல்யாணமான புதிதில், ஒட்டடை அடிக்கும் வேலையிலிருந்து தப்பிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நாலு தும்மல் போட்டு வைத்தார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் தும்மல்தான்.

பாவம், மனைவி அதை அப்படியே நம்பிவிட்டாள். தனியாளாக வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். அவருக்காகவே தலையணை உறைகளை வாராவாரம் வெந்நீரில் அலசினாள்.

போதாக்குறைக்கு, “இதுக்கு ஒரு வைத்தியம் பாத்தே தீரணும்” என்று அலர்ஜி டாக்டரிடம் இழுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தில் விழிக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

குத்தி முடித்த நர்ஸ், டாக்டரின் மேசையில் சாப்பாட்டு டப்பாவை நங்கென்று வைத்தாள். “நேத்து மாதிரி மிச்சம் வைக்கக் கூடாது. காய் முழுசும் உள்ள போகணும்.”

டாக்டர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். இங்கே அதட்டல் எல்லோருக்கும் பொது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். நர்ஸ் திரைக்குப் பின்னால் கை கழுவப் போனாள்.

சிறிது நேரத்தில், ஒரு சொட்டு வைத்த இடம் கொசு கடித்ததுபோல் தடித்தது. கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாருங்க டாக்டர், தடிச்சிடுச்சு! நான் சொன்னேன்ல?”

“அது எல்லாருக்கும் தடிக்கும் சார். சோதனை ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு வைக்கிற சொட்டு. தூசிக்கு வெச்ச இடத்தைப் பாருங்க, மொழுமொழுன்னு இருக்கு.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நாள் முழுக்கப் பழைய புத்தகத்துக்கு நடுவுல தும்மாம உக்காந்திருக்கீங்க. வீட்ல மட்டும் எப்படி சார் வருது?”

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “டாக்டர், என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் காட்டிக் குடுத்துடாதீங்க. இனிமே நானே ஒட்டடை அடிக்கிறேன்.”

“அவசரப்பட்டு வாக்கு குடுக்காதீங்க!” டாக்டர் கதவைப் பார்த்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். “நானும் உங்க கட்சிதான். எனக்கும் வீட்ல தூசி அலர்ஜி. இன்னிவரைக்கும் துடைப்பத்தைத் தொட்டதில்லை. அலர்ஜி டாக்டரே சொன்னா யார் மறுத்துப் பேசுவா?”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

திரை விலகியது. புது ஊசியும் மருந்துக் குப்பிகளுமாக நர்ஸ் வந்து நின்றாள்.

“கையை நீட்டுங்க.”

கடைக்காரர் பதறினார். “எனக்குத்தான் முடிஞ்சிடுச்சே சிஸ்டர்?”

“உங்களுக்கில்ல சார், எங்க வீட்டுக்காரருக்கு.”