கொடிக்கயிறு பிடித்த கை

கயிறு அவர் கையில்.

கொடி ஏறத் தொடங்கிவிட்டது.

பாண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது. மாதா கோயில் முற்றம் முழுக்கத் தலைகள். கடற்காற்றில் நீலக் கொடி படபடக்கிறது.

கொடிமரம் அறுபது அடி.

ஓர் இழுப்பு. இன்னொன்று.

ஐந்து தலைமுறையாக இந்தக் கயிறு அவர் வீட்டுக் கையில்தான். கொடி நடுவில் நின்றால் கயிறு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஊர் வழக்கம்.

அடுத்த வீடு கஸ்பார் வீடு.

கஸ்பார் மூன்றடி தள்ளி நிற்கிறார். சட்டைக் கையை இப்போதே சுருட்டிவிட்டிருக்கிறார்.

போன வருடம் கொடி பாதி மரத்தில் ஒரு மூச்சு தயங்கியது. ஒரே ஒரு மூச்சு. மறுநாளே கயிறு பிடித்தவர் தன் வீட்டு மொட்டைமாடியில் கப்பி மாட்டினார். மணல் மூட்டையைக் கட்டினார். தினமும் நூறு இழுப்பு. பத்து மாதம். ஞாயிற்றுக்கிழமை உட்பட.

அதுதான் முழங்கையைத் தின்றது.

காபி டம்ளர் கையிலிருந்து நழுவிய அன்று, ஊருக்குத் தெரியாமல் டவுனுக்கு பஸ் ஏறினார். பிசியோதெரபி என்று போர்டு போட்ட இடத்தில் போய் நின்றார். திரை விலகியது.

வெள்ளைக் கோட்டில் ரெக்ஸிலின். கஸ்பாரின் பேத்தி.

திரும்பிப் போயிருக்கலாம். அவர் வீட்டில் யாரும் முதுகு காட்டியதில்லை. உட்கார்ந்தார்.

முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முனைக்குப் பக்கத்தில் அழுத்தினாள்.

"வலிக்கா தாத்தா?"

"எங்க வீட்ல யாருக்கும் வலிக்காது."

கண்ணில் நீர் திரண்டது. அவள் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உழைப்பு பத்தாம வந்தது இல்ல தாத்தா. மிஞ்சிப்போய் வந்தது. தசைநாரு நைஞ்சிருக்கு."

ஆறு வாரம். ஐஸ் ஒத்தடம். முழங்கைக்குக் கீழே பட்டை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல, மெல்ல இறக்கும் பயிற்சி. மணல் மூட்டையை அவிழ்த்துவிடச் சொன்னாள். அவிழ்த்தார்.

ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. அதே பதில்.

அவள் தன் வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கயிறு இன்று கஸ்பார் கையில்.

கொடி முக்கால் மரத்தைத் தாண்டுகிறது.

முழங்கையில் ஊசி இறங்குகிறது. விரல்கள் தளர்கின்றன.

கஸ்பார் ஓரடி முன்னால் வருகிறார்.

"என்னவே, கை நடுங்குது? கயித்த இங்க தாரும்."

"காத்துவே. தள்ளி நில்லும்."

பெண்கள் பக்கத்தில் ஒரு கை உயர்கிறது.

ரெக்ஸிலின். மணிக்கட்டை நேராக நிறுத்திக் காட்டுகிறாள். பிறகு தன் தோளைத் தட்டிக் காட்டுகிறாள்.

அவர் மணிக்கட்டை நேராக்குகிறார். தோளால் இழுக்கிறார்.

ஏறுகிறது.

ஏறுகிறது!

கொடி உச்சிக் கப்பியில் போய் முட்டுகிறது. வெடி. மணி. "மரியே வாழ்க!"

இனி முடிச்சு மட்டும்தான். கயிற்றை முறுக்கி, கொடிமரத்தோடு இறுக்க வேண்டும்.

முறுக்குகிற வேலை இன்னும் ஒரு மாதத்துக்குக் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தாள்.

அந்த முடிச்சில் வேற்று வீட்டுக் கை பட்டதேயில்லை.

"கஸ்பார் பேத்தி! இங்க வாம்மா. முடிச்ச நீ போடு."

பாண்டு நின்றுவிடுகிறது. கஸ்பார் சுருட்டிய கையோடு அப்படியே நிற்கிறார்.

அவள் வருகிறாள். கயிற்றை வாங்குகிறாள். முறுக்கி இறுக்குகிறாள். குனிந்தபடியே, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்கிறாள்.

"வலிக்கா தாத்தா?"

அவர் அண்ணாந்து கொடியைப் பார்க்கிறார். முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது.

"ரொம்ப."