தேத்தண்ணி ஆற முந்தி

“கொலைகாரன் அந்தப் பல் டொக்டர்தான், பிள்ளை. தேத்தண்ணி ஆற முந்தியே தெரிஞ்சு போச்சு.”

முதல்நாள் மாலை வாங்கிய எழுத்துப்பிரதியைப் பேரின்பநாதன் காலையில் திருப்பிக் கொடுத்தார். இரவிரவாக வாசித்த களைப்பு அவர் முகத்தில் சிறிதும் இல்லை. அஜந்தாவின் முகம்தான் வாடியது.

நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆங்கிலத்தில் அவள் எழுதும் கொலை நாவல்களுக்கு அமெரிக்கா முழுதும் வாசகர் உண்டு. ஆயினும் எழுதி முடித்த எதையும் முதலில் மொன்றியலுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் வழி மெட்ரோ ஏறி, லொங்குய்யிலுள்ள பெரியப்பா பேரின்பநாதனிடம் சேர்ப்பாள். அவரோ ஒவ்வொரு முறையும் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். அவள் நொந்துபோய், முடிச்சுகளை மேலும் இறுக்கித் திருத்தி எழுதுவாள். வெளிவந்ததும், ‘எவராலும் ஊகிக்க இயலாத கதை’ என்று பத்திரிகைகள் புகழும்.

இம்முறை மனத்துள் சபதமே செய்திருந்தாள்: இதையும் அவர் கண்டுபிடித்தால், இனி எழுத்தைத் தொடுவதில்லை.

“பெரியப்பா, அந்த டொக்டர் பாதிப் புத்தகத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில மயங்கிக் கிடக்கிறார். அவரில எப்பிடிச் சந்தேகம் வந்தது?”

“மயங்கியே கிடந்தவர்? பாவம்.”

“நக்கலடிக்காதேங்கோ! அடுத்த மூண்டு புத்தகத்துக்கும் ஒப்பந்தம் எழுதிவைச்சுக்கொண்டு நியூயோர்க்கில பதிப்பகத்தார் காத்திருக்கினம். இவ்வளவு லேசாப் பிடிபடுற கதையை ஆர் வாசிப்பினம்?”

பெரியம்மா சிவநேசம் வடைத் தட்டோடு வந்தாள். “உந்த மனிசன் சொல்லுறதைக் கேட்டு ஆரும் தொழிலை விடுவினமே? தன்ர கண்ணாடியைத் தேடவே என்னைக் கூப்பிடுற துப்பறிவாளர்!”

அஜந்தா செவிசாய்க்கவில்லை. ஒப்பந்தம் வேண்டாம், இனி எழுதப்போவதில்லை என்று கைப்பேசியில் தட்டிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். கண் கலங்கிற்று. எனினும், இத்தகைய கூர்மதியிடம் தோற்பதில் இழுக்கில்லை என்று மனம் ஒருவாறு தேறியது.

“இனியெண்டாலும் சொல்லுங்கோ, பெரியப்பா. எந்த இடத்தில பிடிச்சனீங்கள்?”

“இதென்ன கேள்வி, பிள்ளை? கோயில்ல பதிகம் முழுக்கப் பாட நேரமில்லாட்டி முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் பாடுவம். முழுக்கப் பாடின பலன் கிடைச்சிடும்,” என்றார் அவர் வாஞ்சையோடு. “உன்ர எல்லாப் புத்தகத்தையும் நான் அப்பிடித்தான் வாசிக்கிறனான்.”