பதில் குரல்

ஐயப்பன் ஆல்பத்தின் முதல் ஏழு பாட்டுகளைத் தணிகை தனியாகவே ராப் பாடி முடித்துவிட்டான். எட்டாவதில்தான் சிக்கல். சரணம் சொல்ல ஒருவன் வேண்டும், திருப்பிச் சொல்ல இன்னொருவன் வேண்டும். இரண்டையும் தானே பாடிப் பார்த்தான். மலையில் வழி தவறியவன் கத்துவதுபோல் இருந்தது. கடைசியில், வேறு வழியில்லாமல், லோகுவுக்குச் சொல்லி அனுப்பினான்.

லோகுவும் ராப் பாடுகிறவன்தான். மூன்று வருடமாக இருவரும் பாட்டிலேயே ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்களைக்கூட விட்டுவைக்கவில்லை. வந்ததும் அவன் வாயிலிருந்து என்ன வருமோ என்று தணிகை காலையிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் ஸ்டுடியோ கதவு திறந்தது. செருப்பில்லாத கால், கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி மாலை. தணிகை இதை எதிர்பார்க்கவில்லை. அவன் கழுத்திலும் அதே மாலைதான். மாலை போட்டவன் மாலை போட்டவனை 'சாமி' என்றல்லாமல் வேறெப்படியும் கூப்பிட முடியாது.

"சாமி சரணம்," என்றான் லோகு.

அப்போதுதான் தணிகைக்கு மூச்சு வந்தது. "உள்ள வாங்க சாமி. டீ சாப்டுறீங்களா?"

ஒரே மைக்கின் முன் இருவரும் நின்றார்கள். இவன் அழைத்தான், அவன் பதில் சொன்னான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். "பக்கா. இதுவே போதும்."

லோகு ஹெட்ஃபோனைக் கழற்றினான். "மாலைய கழட்டுன பெறகு என்னைய இன்னான்னு கூப்புடுவீங்க சாமி?"

தணிகை அந்த ஹெட்ஃபோனை வாங்கி, லோகுவின் காதில் திரும்ப மாட்டிவிட்டான்.

"இன்னொரு வாட்டி போலாம் சாமி."